எல்லையண்ணையும் எங்கள் தெருவின் நடுக்கோடும்

லண்டனில் வாழும் தமிழருக்குள், வாசலில் நின்று தும்மினால் அந்தத் தும்மல் எந்தப் பாராளுமன்றத் தொகுதியில் போய் விழும் என்று சொல்லக்கூடிய ஒரேயொரு மனிதர் எங்கள் தெரு எல்லையண்ணைதான். நான் கூட்டிச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் கேட்பார். பிறகு தொகுதியின் பெயர், வட்டாரத்தின் பெயர், அங்கே போன தேர்தலில் யார் இரண்டாவதாக வந்தது என்பது வரை தானாக வந்து விழும்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தபால்காரருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எங்கள் தெரு மிச்சம், சட்டன் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில், டிராம் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு அவருடையது. தனிக்கட்டை. வீடு வீடாகப் போய்க் கதவுத் துவாரத்துக்குள் விளம்பரத் தாள் போடுவது அவர் தொழில். பீட்சாக் கடை, பல் வைத்தியர், கம்பளம் கழுவுகிறவர் என்று எல்லாருடைய தாளும் அவர் தோள்பையில் இருக்கும். தேர்தல் வந்தால் மூன்று கட்சிகளின் தாள்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடப்பார். கட்சிக்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவரைப் போல் ஒரு தாளைக்கூட வீணாக்காத ஆள் கிடைக்காது. யார் வென்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு தொகுதியின் தாளை அடுத்த தொகுதியின் கதவுக்குள் போடுவதைப் போன்ற பாவம் உலகத்தில் வேறில்லை என்பது அவர் கட்சி.

நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த அன்று, பெட்டிகளைக்கூட இறக்கி முடிக்கவில்லை, வந்து நின்றார். ஊர் எது, யாருடைய ஆட்கள் என்றுதான் எங்கள் சனம் முதலில் கேட்கும். அவர் என்னிடம் எந்தத் தொகுதியிலிருந்து வருகிறீர் என்று கேட்டார். மிச்சத்தில்தான் இருந்தோம் என்றேன்.

"தம்பி, அது ஊர். நான் கேட்டது தொகுதி."

எனக்குத் தெரியவில்லை. நாலு சஞ்சிகைகளில் அரசியல் கட்டுரை எழுதுகிற எனக்கு, பதின்மூன்று வருடம் இருந்த வீட்டின் தொகுதி தெரியவில்லை. அவர் என் முகத்தை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, சோபாவின் மற்றப் பக்கத்தைத் தூக்கினார். நாங்கள் கேட்காமலே.

எங்கள் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் சரே மாவட்டத்துக்குள் இருந்தது. இன்றைக்கும் தெருவிலுள்ள வயதான வெள்ளைக்காரர்கள் விலாசத்தில் சரே என்றுதான் எழுதுவார்கள். அண்ணைக்கு அந்த மாவட்டம் சீதனமாக வந்த காணி மாதிரி. மற்றவர்கள் கடற்கரை பார்க்கப் போவதுபோல் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சரேக்குள் தொகுதி எல்லை பார்க்கப் போவார். ஒருமுறை, சும்மா காற்று வாங்கிக்கொண்டு வருவோம் என்று என்னையும் கூப்பிட்டார். ஏரி, வாத்து, ஐஸ்கிரீம் என்று நானாக நினைத்துக்கொண்டு புது வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனேன். மூன்று மணித்தியாலம் சேற்றுக்குள் நடத்தி, ஒரு புல்வெளியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே ஒரு பசு படுத்திருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். பசுவின் தலை ஒரு தொகுதியிலும் வால் இன்னொரு தொகுதியிலும் இருப்பதாக மெல்லிய குரலில் அறிவித்தார். அப்படியென்றால் பால் எந்தத் தொகுதிக்குச் சேரும் என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மடி இருக்கிற பக்கத்தைச் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார். மனைவி கட்டித்தந்த கட்லிஸை ஆளுக்கு இரண்டாக அந்த எல்லையிலேயே நின்று சாப்பிட்டோம். சப்பாத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக மூன்று தலைமுறைக்கு வழக்குப் பேசிய பரம்பரை நாங்கள். லண்டனில் வேலிச் சண்டைக்கு வசதி போதாது, அந்தக் குறையை அண்ணை நாட்டு அளவில் தீர்த்துக்கொள்கிறார் என்று நான் போகிற வீடெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நல்ல பகிடி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அப்போதுதான் நாடு முழுக்கத் தொகுதி எல்லைகளை மாற்றப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தது. எல்லாத் தொகுதிகளிலும் வாக்காளர் தொகை ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கவேண்டுமாம். புதிய வரைபடத்தில் கோடு எங்கள் தெருவின் நடுவால் ஓடியது. இரட்டைப்படை இலக்க வீடுகள் பழைய தொகுதியில் இருக்க, எதிர்ப்பக்கத்து ஒற்றைப்படை இலக்க வீடுகள் அடுத்த தொகுதிக்குப் போகும். என் வீடும் அண்ணையின் வீடும் ஒற்றைப்படை இலக்கம்.

அண்ணை அந்த மாதம் விளம்பரத் தாள் போடவில்லை. கோட்டைத் தெருவின் நடுவிலிருந்து தூக்கி டிராம் பாதையில் போடவேண்டும் என்று ஒரு விண்ணப்பம் தயாரித்து, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். என்னிடமும் வந்தார். நான் அப்போது தமிழர்களுக்கு இந்த நாட்டு அரசியலில் அக்கறையில்லை என்று கண்டித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நேரமில்லை என்றேன். கோடு எங்கே போனால் எங்களுக்கென்ன அண்ணை என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

விண்ணப்பம் எடுபடவில்லை. தெருவின் நடுவால் கோடு வந்தது. தேர்தலும் வந்தது. நான் வாக்குச்சீட்டில் பெயரை வாசிக்கவில்லை. என் கட்சியின் சின்னத்தைத் தேடிப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன். எங்கள் எம்.பி. மாறிவிட்டார் என்று எல்லையண்ணை கலர்ப் பென்சிலால் வரைபடம் கீறி என் கதவுக்குள் போட்டிருந்தார். பீட்சாத் தாள்களோடு அதுவும் குப்பைக்குப் போய்விட்டது.

அடுத்த தைப்பொங்கலுக்கு எங்கள் பழைய மாணவர் சங்கம் விழா எடுத்தது. தலைவர் நான். பழைய எம்.பி.யைக் கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, "எங்கள் எம்.பி." என்று பதினேழு தடவை சொல்லி, பொன்னாடை போர்த்தினேன். அவருக்கும் அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த படத்துக்கு அவரைத் திருப்பி நிறுத்திவிட்டேன். பின்வரிசையில் அண்ணை கையைத் தூக்கியபடியே இருந்தார். நான் காணாத மாதிரி இருந்தேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் கடதாசித் தட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும், மண்டபக்காரர்கள் அனுப்பிய ஆளாக்கும் என்று நினைத்து, அந்த நாற்காலிகளையெல்லாம் அடுக்கிவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். பாவம், மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் அடுக்கினார். அண்ணையும் கூட நின்று அடுக்கினார்.

மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்தது அந்த வருடம்தான். என் அக்கா சுன்னாகத்தில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூப்பு. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது, பள்ளிக்கு அனுப்பியது, காப்பை விற்று விமானம் ஏற்றியது எல்லாம் அவர்தான். அக்கா இல்லாமல் என் வீட்டில் தாலி ஏறாது என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவருக்கு விசா எடுப்பதற்கான அழைப்புக் கடிதத்தை எழுத்தாளனாகிய நானே எழுதினேன். இரண்டு இரவு இருந்து எழுதினேன். என் அக்கா எங்களோடு வாழ்வதற்காகவே மூச்சு விடுகிறார், எங்களைப் பிரிந்தால் அவருக்கு உலகில் ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் உருக்கினேன். வாசித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இந்த ஆள் வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று விசா அதிகாரி சரியாகவே விளங்கிக்கொண்டார். விசா இல்லை என்று பதில் வந்தது.

பரவாயில்லை, எம்.பி. எங்கள் கைக்குள் இருக்கிறார் என்று வீட்டில் நெஞ்சை நிமிர்த்தினேன். பொன்னாடைப் படத்தையும் இணைத்து அவருக்கு எழுதினேன். அவருடைய அலுவலகத்தின் பழைய விலாசத்தை வேறு பிழையாகப் போட்டிருந்தேன். சுற்றிப்போய்ச் சேர்ந்து மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். எம்.பி.மார் தங்கள் தொகுதி ஆட்களின் விஷயத்தை மட்டுமே பார்ப்பது இங்கே வழமை, நீங்கள் இப்போது என் தொகுதியில் இல்லை என்று.

கலியாணத்துக்கு எட்டுக் கிழமை இருந்தது. மனைவி, கலர்ப் பென்சில் வரைபடம் எங்கே என்று மட்டும் கேட்டாள்.

நான் கடிதத்தையும் கொண்டு ஐந்து வீடு நடந்தேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் போனேன். அண்ணை கடிதத்தை வாசித்தார், மடித்தார். தனக்கு வரும் சனிக்கிழமை புதிய எம்.பி.யைச் சந்திக்க நேரம் தந்திருக்கிறார்கள் என்றார். எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு மாதக்கணக்காகக் கேட்டு எடுத்த நேரம் அது. சுவரில் அதற்கென்றே ஒரு ஆளுயர வரைபடம் ஒட்டி, வர்ணம் தீட்டி வைத்திருந்தார்.

"அந்த நேரத்தை நீர் எடும். நான் கதைச்சுப்போட்டன், ஆளை மாத்தலாமாம்."

"உங்கட எல்லை விசயம் அண்ணை?"

"கோடு ஓடிப்போகாது. அக்காவுக்குத்தான் நாள் இல்லை."

சனிக்கிழமை அவரும் கூட வந்தார். பஸ்ஸில் போகும்போது, நான் கேட்காமலே, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். அவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில் அவருடைய அம்மா திருச்சியில் வருத்தம் கடுமையாகிக் கிடந்திருக்கிறார். போய்ப் பார்க்கப் பயணப் பத்திரம் வேண்டும். யாரோ எம்.பி.யிடம் போகச் சொல்ல, இவர் வீட்டுக்குக் கிட்ட இருந்த எம்.பி.யின் வரிசையில் ஒவ்வொரு கிழமையும் போய் நின்றிருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. தான் வாடகைக்கு இருந்த அறை தெருவுக்கு மற்றப் பக்கம், வேறு எம்.பி.யின் தொகுதி என்று அவருக்கு விளங்க ஒரு மாதம் போய்விட்டது.

"பத்திரம் வந்தது தம்பி. அம்மா இல்லை."

நான் வேலிக் கதியால் பகிடியை எத்தனை வீட்டில் சொன்னேன் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெட்கமாக இருந்தது.

எம்.பி.யின் அறைக் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் எழுந்து கைகொடுத்தார். பொங்கலன்று நாற்காலி அடுக்கியவர். நான் திரும்பி ஓடியிருப்பேன், பின்னால் அண்ணை கதவை மறித்துக்கொண்டு நின்றார். எம்.பி. தன் நாற்காலியைச் சுட்டிக்காட்டி, இதையும் அடுக்கவேண்டுமா என்று கேட்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார், பொங்கல் நல்ல ருசி என்றார், என் கதையைக் கடைசிவரை கேட்டு விசா அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். புதிய விண்ணப்பத்தோடு வைக்கும் அழைப்புக் கடிதத்தை இந்த முறை அண்ணை எழுதினார். மூன்றே வரி. இவர் என் அக்கா. என் மகளுக்குக் கலியாணம். வந்து இருபத்தைந்தாம் நாள் திரும்பிப் போவார், அங்கே அவருக்கு வீடும் காணியும் இருக்கின்றன. என் எழுத்து வாழ்க்கையில் அப்படி ஒரு கடிதம் நான் எழுதியதில்லை.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்க அக்கா வந்து இறங்கினார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், மகளைக் கட்டிப்பிடித்து அழுதார், தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்த கையோடு கேட்டார்.

"அந்தக் கடிதம் எழுதின மனிசனுக்கு நேரிலை போய்ச் சொன்னனியோ?"

எங்கள் ஆட்களுக்குள் கலியாணம் என்றால் நேரில் போய்ச் சொல்லவேண்டும். சட்டனில் சொன்னேன், வால்தம்ஸ்டோ வரை போய்ச் சொன்னேன், ஒரு தடவை மட்டும் கண்ட கணக்காளருக்குச் சொன்னேன். பழைய எம்.பி.க்கும் புதிய எம்.பி.க்கும்கூடச் சொல்லியாயிற்று. ஐந்து வீடு தள்ளியிருந்தவருக்குச் சொல்லவில்லை. மறந்தே போனேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை, சின்ன வயதில் சம்பல் சட்டியை உடைத்த அன்றைக்குப் பிறகு நான் காணவில்லை.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு ஓடினேன். அச்சடித்தவர்கள் பிந்திவிட்டார்கள் என்று ஒரு பொய்யை வழியெல்லாம் சரிபண்ணிக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், மாடிப்படிக் கைபிடியில், இஸ்திரி போட்டு மினுக்கின வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தொங்கின.

"கலியாணத்துக்கு மினுக்கி வைச்சனான்," என்றார்.

"நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவே இல்லையே அண்ணை."

"எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு எனக்கு ஆர் சொல்லோணும்?"

பொய் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று அழுதேன், இரண்டு தொகுதியும் பார்க்க. கலியாணத்தன்று அக்கா அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, தன் கையால் பரிமாறினார். சொன்னபடி இருபத்தைந்தாம் நாள் ஊருக்குத் திரும்பினார். இப்போது சுன்னாகத்தில் யார் கேட்டாலும், லண்டனில் தனக்கு இரண்டு தம்பிமார் என்றுதான் சொல்கிறாராம். அதில் நான் சின்னவன்.