மவுஸைத் தொடாத ஹென்னிங்

மறுபடி எண்டர் தட்டியும் சத்தம் வரவில்லை.

ஹென்னிங் ரூல்ஃப்ஸ் கறுப்புத் திரையை முறைத்தான். திரை பணிவாகத்தான் பதில் சொன்னது: சிந்தசைசர் ஓடுகிறது, குறை ஒன்றுமில்லை. மேசை மேலிருந்த ஸ்பீக்கர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"மவுஸை எடுத்து ஒரு கிளிக் பண்ணிப் பாரேன்," என்றாள் மனைவி வீப்கே, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"கிளிக்கா? நானா?"

கணினிக்குள் குடியிருக்கும் இசைக்கருவியான சிந்தசைசரை ஊர் உலகமெல்லாம் திரையில் குமிழ் திருகித்தான் வாசிக்கிறது. ஹென்னிங் மட்டும் விசைப்பலகையில் கட்டளை தட்டியே வாசிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவன். பெர்லினில் இப்படி நாலு பேர் உண்டு. மற்ற மூவருக்கும் கல்யாணமாகவில்லை.

வசந்த இசை விழாவின் தொடக்க நாளுக்கு அவன் போட்ட விண்ணப்பம் இரண்டு வருஷமாகத் தள்ளுபடி. "மேடையில உக்காந்து தட்டினா, வரிக்கணக்கு போடறார்னு ஜனங்க எழுந்து போயிடுவாங்க," என்றது தேர்வுக்குழு. இந்த முறையும் தோற்றால் இனி விண்ணப்பிக்கவே முடியாது. இன்று காலையில் பாங்கோவ் அரங்கில் குழு முதலில் கேட்கப்போவது அவனுடைய இசையைத்தான். நேற்றே தன் சின்னக் கணினிப் பெட்டியை அங்கே மேடை ஸ்பீக்கர்களில் மாட்டி வைத்துவிட்டு வந்திருந்தான். புறப்படும் முன் வீட்டில் கடைசி ஒத்திகை.

ஒலியை உச்சத்துக்கு ஏற்றினான். ஒன்றுமில்லை. இன்னொரு சிந்தசைசரை எழுப்பினான். அதற்கும் கீழே அடித்தொண்டையில் ஒரு தடித்த பேஸ் ஒலி. ஏதாவது இடையில் செத்துவிட்டால் தானே உயிர்த்தெழும்படி ஒரு கட்டளையும் எழுதினான்.

"ஞாயித்துக்கிழமை சத்தம் போடக்கூடாது, ஹென்னிங். மேல் வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்."

"சத்தமே வரலையே!"

"வந்தா மொத்தமா வரும். அதான் பயமா இருக்கு."

போன் அடித்தது. அரங்கின் பராமரிப்பாளர் ஃப்ராவ் கோஸல்.

"ஹெர் ரூல்ஃப்ஸ், உங்க பெட்டிக்கு யார் செத்துட்டாங்க? மேடையில உக்காந்து ஒப்பாரி வைக்குது. என் பக்கெட்டுல தண்ணி ஆடுது."

ஹென்னிங் திரையின் மேல் வரியைப் பார்த்தான். வீட்டுக் கணினியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அரங்குப் பெட்டியின் பெயர். நேற்று வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக அரங்குப் பெட்டிக்குள் நுழைந்து சரிபார்த்தவன், வெளியே வர மறந்திருக்கிறான். கறுப்புத் திரைகள் எல்லாம் ஒரே ஜாடை. இவ்வளவு நேரம் தட்டியதெல்லாம் அங்கே போயிருக்கிறது.

"இதோ, நிறுத்திடறேன்!"

நிறுத்தினான். ஒவ்வொன்றும் உயிர்த்தெழுந்தது.

"இப்ப ரெண்டு பேரா அழுவுது," என்று சொல்லிப் போனை வைத்தாள் ஃப்ராவ் கோஸல்.

இன்னும் மூர்க்கமாக ஒரு கட்டளை அடித்தான். 'தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்றது திரை. திரும்பத் திரும்ப நுழையப் பார்த்தான். பெட்டி கதவைத் திறக்கவில்லை.

"என்னாச்சு?" என்றாள் வீப்கே.

"கைமீறிப் போயிடுச்சு. குழு வர்ற நேரம் வேற."

"போன வருஷம் மவுஸால விழா மேடையேறின உடோ மாதிரி நீயும் ஒண்ணு வாங்கியிருந்தா..."

"உடோ பேரை எடுக்காதே! நேர்ல போய் அடக்கறேன். கட்டளையாலதான் அடக்குவேன்!"

பைஜாமா மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். ரயிலில் எதிரே இருந்தவர் அவனுடைய செருப்பைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பெட்டிக்குப் போனார்.

அரங்கின் கதவருகிலேயே கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட ரீங்காரம். நடுநடுவே 'டொக்' என்று ஒரு தட்டல். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! எல்லாம் போச்சு என்று உள்ளே பாய்ந்தான்.

குழுவினர் மூவரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டாக்டர் மெர்டென்ஸ் உதட்டில் விரல் வைத்தார். அவர் கன்னத்தில் ஈரம்.

"ஹெர் ரூல்ஃப்ஸ்," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க உங்களைத் தப்பா நினைச்சுட்டோம். என்ன நிதானம்! எப்ப வரும்னே தெரியாம அந்தத் தட்டல் வருதே, அதுக்கே உசிரைக் கொடுக்கலாம். மவுஸால இது வருமா?"

"வராது," என்றான் ஹென்னிங். பைஜாமாவுக்குள் நெஞ்சு நிமிர்ந்தது. "கட்டளை, டாக்டர். வெறும் கட்டளை."

"தொடக்க நாள் உங்களுக்குத்தான். ஒரே நிபந்தனை. வெள்ளிக்கிழமை அப்படியே இதே வேணும். ஒரு ஸ்வரம் மாறக்கூடாது."

"மாறாது! என் உத்தரவாதம்!"

கைகுலுக்கிவிட்டுக் குழு காபிக்குப் போனது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததில்லை. பெட்டியை முத்தமிடலாம் என்று மேடையேறினான். துடைப்பத்தோடு வந்த ஃப்ராவ் கோஸல் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உங்க பெட்டி பிளக்கை நான் போனை வச்ச கையோட பிடுங்கிட்டேன், ஹெர் ரூல்ஃப்ஸ். இப்ப கேக்கறது ஹாலைச் சூடாக்கற எங்க ஹீட்டர் பம்பு. நாளைக்கு ரிப்பேருக்கு ஆள் வர்றான்."