கங்காணியார் காலும் என் மலாய்ப் புலமையும்

பள்ளிக்கூடம் என்னை அதிக நாள் தாங்கவில்லை. அதனால் என்ன? மலாயாவில், பாலோ என்ற ஊரில் மாட்டுவண்டி ஓட்டி, பிறகு சொந்தக் கடையே வைத்தவன் நான். மலாய்க்காரர் வாயைத் திறக்கும்போதே என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். (அதுதான் வினையே.)

வண்டிக்கார நாளில், தோட்டத்துக் கங்காணியார் மகள் லெட்சுமியைப் பெண் கேட்டிருந்தேன். கங்காணியார் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். ஆனால் அவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. இரண்டு காலிலும் ஆறாத புண். "இடது கால் மரத்துப்போச்சுன்னா எடுத்துட வேண்டியதுதான்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மிரட்டியிருந்தார்.

"முதல்ல என் புண்ண ஆத்து. அப்புறம் பொண்ணு பேச்சு" என்றார் கங்காணியார்.

விடுவேனா? பக்கத்து மலாய்க் கம்பத்தில் கைவைத்தியம் பார்க்கும் மாக் சித்தி என்ற கிழவியிடம் மருந்து கேட்டேன்.

"செண்டுடோக் இலைச்சாறு, சம்போர் மடு" என்றாள்.

சம்போர் என்றால் கலக்கு. மடு? நம்ம மதுதான், மலாய் நாக்கில் கொஞ்சம் தடித்துவிட்டது! (தொழுகை தவறாத கிழவி சாராயத்தைச் சொல்வாளா என்று யோசித்திருக்கலாம். கல்யாண ஆசை யோசிக்க விடுமா?)

பெரிய டாக்டர் மாதிரி சோதித்தே பார்ப்பதென்று முடிவு செய்தேன். வலது காலுக்கு வெறும் சாறு. இடது காலுக்குச் சாறும் சீனன் கடைச் சம்சு சாராயமும். எந்தக் கால் முந்துகிறது, பார்ப்போம்!

வலது காலில் ஊற்றினேன்.

"ஜில்லுனு இருக்குப்பா."

இடது காலில் ஊற்றினேன்.

"ஐயோ! கொல்றானே பாவி!"

நாற்காலி ஒரு பக்கம், கங்காணியார் ஒரு பக்கம். ஒற்றைக் காலில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க லயத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் திரண்டார்கள். ஓடிவந்த டிரசர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன கங்காணி, காலையிலேயே போட்டாச்சா?"

"நான் போடலைங்க! என் காலுதான் போட்டிருக்கு! இந்தப் பய ஊத்திக் கொடுத்தான்!"

பெண் போச்சு என்று நின்றேன்.

கதவுக்குப் பின்னால் லெட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். "அலமாக்! மடுன்னா தேனு லா!"

டிரசர் புண்ணைக் கழுவியபடி கேட்டார்: "எந்தக் கால் எரிஞ்சுது?"

"இடது காலுங்க! நெருப்பு மாதிரி!"

"அப்ப உணர்ச்சி இருக்கு. வெட்ட வேண்டாம். நானே மருந்து கட்டுறேன்."

கங்காணியார் தப்பித்த தன் காலைப் பார்த்தார்; பிறகு என்னை முறைத்தார். "பொண்ணு தரேன். ஆனா மருந்து கிருந்துன்னு வாயத் திறந்த, தொலைச்சுடுவேன்."

கல்யாணத்தன்று ஆசி வாங்கக் குனிந்தேன். மாமனார் சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். "அங்கேயே நில்லுங்க மாப்ளே!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டு நான் எழுந்தால் போதும், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொள்கிறார்கள்.