கனகம்மாவின் குசினிக்குள்ளால் போன புராதனப் பாதை

திருகோணமலை மாவட்டத்தின் காடும் சரித்திரமும் கலந்த நாட்டுப்புறத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஒரு பாதை வேண்டும் என்று மேலிடத்தில் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்த பதினொரு பேரில் ஒருவருக்கும் சைக்கிள் ஓடத் தெரியாது. அது அவர்களுடைய பக்கச்சார்பின்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

திருகோணமலை நகரத்து ஓர்ஸ் ஹில்லில் ஓர் அறை எடுத்து, 'மிதிவண்டிச் சுற்றுலா மேம்பாட்டு விசேட செயலணி' என்று பலகை மாட்டி, றுவைஸ் என்ற உத்தியோகத்தரை அதற்குள் இருத்தினார்கள். றுவைஸ் கடமையுணர்வு உள்ளவர். முதல் கிழமையே சைக்கிள்காரர் போடும் இறுக்கமான உடுப்பு ஒன்று வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்க ஏலும். சைக்கிளில் இருக்கத்தான் அவருக்குப் பயம்.

ஆகவே ஈச்சிலம்பற்றுக்கு மேற்கே காட்டோரக் கிராமத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கியவர், இந்தக் காட்டுக்குள்ளால் தினமும் சைக்கிளில் போகிற ஆள் ஆர் என்று விசாரித்தார். எல்லாரும் இரத்தினசிங்கத்தைக் காட்டினார்கள்.

இரத்தினசிங்கத்தின் எருமைப் பட்டி காட்டுக்குள் இருந்தது. விடியப் போய்ப் பால் கறந்து, தயிர் போட்டு, சட்டிகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற மனிசன். காட்டில் அவருக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை இல்லை. றுவைஸ் தீப்பெட்டி அளவான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து அவருடைய சைக்கிள் கரியரில் கட்டினார்.

"நீங்கள் போற வழியெல்லாத்தையும் இது தன்பாட்டில வரைபடமாக் கீறும். வழமையாப் போற மாதிரிப் போங்கோ. நான் ஜீப்புக்குள்ள இருக்கிறன்."

"இண்டைக்கு வழமையா இல்லை சேர். ஒரு எருமையைக் காணேல்லை. தேடப் போறன்."

"அதுக்கென்ன, தேடிக்கொண்டு வழமையாப் போங்கோ."

இரத்தினசிங்கம் போனார். ஒரு பெரிய பாலை மரத்தடியில் எருமையின் மணிச்சத்தம் எல்லாப் பக்கத்தாலும் கேட்ட மாதிரி இருந்தது. மரத்தை மூன்று தரம் சுற்றினார். தூர்ந்துபோன குளக்கட்டில் ஏறி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று கண்டு, ஏறின வழியே இறங்கினார். ஓரிடத்தில் செயின் கழன்றது. குந்தியிருந்து ஏழு நிமிடம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு மழை பிடித்தது. ஓட்டமாக வீட்டுக்கு வந்து, சைக்கிளைக் குசினியின் முன்கதவால் உள்ளே தள்ளினார்.

"சேத்தோட எங்க வாறியள்? இப்பத்தான் மெழுகினனான்!" என்று மனைவி கனகம்மா அகப்பையோடு எழும்பினாள்.

வந்த வேகத்திலேயே பின்கதவால் சைக்கிளை வெளியே எடுத்தார். எருமை அங்கேதான், குசினிக்குப் பின்னால் இருந்த சேற்றுக்குழியில், காலையிலிருந்து நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது.

மூன்று மாதத்தில் பாதை அரசாங்க வர்த்தமானியில் வந்துவிட்டது. பெயர், 'புராதன வனவழி மிதிவண்டிப் பாதை.' சும்மா போட்ட பெயரில்லை, இடத்துக்கிடம் விளக்கப் பலகைகளும் நட்டார்கள். பாலை மரத்தடியில், 'பண்டைய வழிப்போக்கர் வனத்தை மும்முறை வலம்வந்து விடைபெற்ற இடம்' என்று எழுதியிருந்தது. குளக்கட்டில், 'எதிரிப்படையை நோட்டமிட்டுத் திரும்பிய முனை.' செயின் கழன்ற இடத்துக்கு 'ஏழு நிமிட மோனநிலை' என்று பெயர் வைத்து, இருக்க ஒரு கல்லும் போட்டிருந்தார்கள்.

கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய சைக்கிள்கள் காட்டோரம் வரைக்கும் வாகனத்தில் வரும், நோகாமல். தலையில் பாதி வெட்டின வத்தகைப்பழம் மாதிரி ஒரு கவசம். பாலை மரத்தை மூன்று தரம் பயபக்தியோடு சுற்றுவார்கள். கல்லில் ஏழு நிமிடம் கண்ணை மூடி இருப்பார்கள். மணிக்கூடு பார்த்து எழும்புவார்கள். ஒரு பெண்பிள்ளை அந்தக் கல்லிலிருந்து அழுதுகொண்டே எழும்பியதை இரத்தினசிங்கம் தன் கண்ணால் கண்டார். அங்கே தனக்குக் கையெல்லாம் கிறீஸ் பட்டது மட்டுந்தானே என்று யோசித்தார். தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை போலும் என்று ஒரு சின்னக் கவலையும் வந்தது.

அந்தக் கவலை முற்றுவதற்குள் கடிதம் வந்தது. 'மேற்படி பாதையின் போக்கினை இடைமறித்துத் தங்களால் நிறுவப்பட்டுள்ள சமையற்கட்டினை இருபத்தொரு நாட்களுக்குள் தங்கள் சொந்த முயற்சியில் அகற்றி ஒத்துழைக்குமாறு தயவுடன் பணிக்கப்படுகின்றீர்.'

கனகம்மா இரண்டு தரம் வாசித்தாள்.

"எருமையைத் தேடினது நீங்கள். குசினி போறது எனக்கோ? இஞ்சாருங்கோ, நாளைக்கே போய் இதைச் சரிப்படுத்திப்போட்டு வாங்கோ. இல்லாட்டி நான் அந்த ஏழு நிமிசக் கல்லில போய் இருந்திடுவன். எழும்பமாட்டன்."

இரத்தினசிங்கம் இரண்டு பஸ் மாறி ஓர்ஸ் ஹில்லுக்குப் போனார். றுவைஸ் மரியாதையாகக் கதிரை காட்டினார்.

"சேர், பாதை பிழையாக் கீறுப்பட்டிருக்கு."

"நீங்கள் அதால போகேல்லையா?"

"போனனான்."

"பிறகென்ன பிழை? போகாத இடத்தைக் கீறியிருந்தாத்தான் பிழை."

"மழை சேர். அதுதான் குசினிக்குள்ள பூந்தனான்."

றுவைஸ் பைலைப் புரட்டிப் பார்த்தார். "மழை எண்டு இதில ஒரு இடத்திலயும் இல்லையே. வானிலை எண்ட இடத்தில 'பொருந்தாது' எண்டு நானே போட்டிருக்கிறன்."

"வெளியால சுத்திப்போற மாதிரிக் கொஞ்சம் வளைச்சு விட ஏலாதோ?"

"வர்த்தமானியில வந்ததை வளைக்கிறதோ! என்ன கதை கதைக்கிறீங்க அண்ணன்?" என்றவர், அவருடைய முகத்தைப் பார்த்து இரங்கினார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஒரு வழி இருக்கு. புராதனக் கட்டடமெண்டா ஒருத்தரும் உடைக்க ஏலாது."

"அது பதினொரு வருசக் குசினி சேர். மீளக்குடியேறி வந்து நானே கல்லரிஞ்சு கட்டினனான்."

"நீங்க சொல்றது உங்கட அபிப்பிராயம். நான் சொல்றதைக் கேளுங்க. பாதை புராதனமானது, அது வர்த்தமானியிலயே இருக்கு. அது உங்கட குசினிக்கு முன்கதவால போய்ப் பின்கதவால வருது. குசினி பிறகு வந்ததெண்டா, பாதை சரியாக் கதவைப் பாத்து எப்பிடிப் போகும்? சுவரில எல்லோ முட்டியிருக்கும்? அப்ப பாதைக்கு முதலே கதவு இருந்திருக்கு. கதவு இருந்தா குசினியும் இருந்திருக்கு."

இரத்தினசிங்கம் விண்ணப்பப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள், மரபுச்சின்னம் மதிப்பிடும் அதிகாரி என்று சிவாஜினி என்ற அம்மா வந்தார். ஒரு சின்னத் தூரிகையால் சுவர்ப்புகையைத் தட்டினார்.

"மூன்று படையாப் படிஞ்சிருக்கு."

"மூண்டு பொங்கலுக்கு வெள்ளையடிக்கேல்லை மிஸ். இவருக்கு நாரிப்பிடிப்பு," என்றாள் கனகம்மா.

'பருவகாலச் சடங்குகளைக் குறிக்கும் மூவடுக்குப் படிவு' என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். அம்மிக்கு ஓர் இலக்கம். குழவிக்கு ஓர் இலக்கம். அடுப்பில் இருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன?"

"நேத்தைய பாரைமீன் குழம்பு. சுடவைக்கப் போறன்."

"தொடாதேங்கோ! எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கோணும்."

குசினி தப்பியது. வாசலில் மஞ்சள் பலகை ஏறியது: 'இரத்தினசிங்கம் புராதன சமையற்கூடம். பாதுகாக்கப்பட்ட சின்னம்.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நிபந்தனைகள். உள்ளே தீ மூட்டலாகாது. சாம்பல் அள்ளலாகாது. ஆணி அறையலாகாது. எப்பொருளையும் இடம்பெயர்க்கலாகாது.

அந்த எப்பொருளில் மீன்குழம்பும் அடக்கம். நாலாம் நாள் அது தன் புராதனத்தை ஊருக்கெல்லாம் அறிவித்தது. சைக்கிள்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்கதவால் வந்து, படம் எடுத்து, பின்கதவால் போனார்கள். "என்ன ஒரு பழமையான வாசம்," என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி.

கனகம்மா தெருவோரத்தில் மூன்று கல்லை வைத்து ரொட்டி சுட்டாள்.

"குசினியைக் காப்பாத்திப்போட்டியள்," என்றாள், புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. "இனி அதுக்குள்ள சமைக்கிறதுக்கும் ஒரு வழி கண்டுபிடியுங்கோ."

அதோடு விஷயம் நின்றிருக்கும். ஆனால் பக்கத்துவீட்டுப் பிரகலாதனுக்கு நித்திரை வரவில்லை. வேலிக்கு மேலால் மஞ்சள் பலகையைப் பார்க்கிறதும், பெருமூச்சு விடுகிறதுமாக ஒரு கிழமை திரிந்தார்.

"எங்கட அம்மி உங்கட அம்மியை விடப் பழசு, தெரியுமோ?"

"கொண்டுபோங்கோ அண்ணை. எங்கட பலகையையும் சேத்துக் கழட்டிக்கொண்டு போங்கோ," என்றார் இரத்தினசிங்கம்.

"ஓமோம், எரிச்சலில கதையாதேங்கோ."

பிரகலாதன் விண்ணப்பித்தார். அவரைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து முன்வீடு. சிவாஜினி அம்மா, றுவைஸ் காட்டிய நியாயத்தையே பிசகாமல் பின்பற்றினார்: புராதனக் குசினி ஒன்று தனியே இருந்திருக்க ஏலாது, நெருப்பெடுக்க அயல்வீட்டுக் குசினி ஒன்றாவது வேண்டும், அந்த அயலுக்கு இன்னோர் அயல் வேண்டும். இரண்டு மாதத்தில் ஒழுங்கையின் இருபத்துமூன்று குசினிகளும் பாதுகாக்கப்பட்டன. இருபத்துமூன்று குடும்பமும் தெருவில் அடுப்பு மூட்டின.

புகையில் கண் தெரியாமல் கனடாக்காரர் ஒருவர் யாரோ வீட்டுச் சொதிச் சட்டியை மோதினார். அவருடைய முன் ரயர் அடுப்புக்குள் போய் உருகியது. முறைப்பாடு மேலிடத்துக்குப் போனது. பதினொரு பேரும் கூடி ஆராய்ந்தார்கள். அடுப்புகள் தெருவில் இருக்கக்கூடாது. குசினிக்குள் போகவும் கூடாது. எனவே பாதைதான் போகவேண்டும் என்று முடிவாயிற்று. வர்த்தமானியை வளைக்க ஏலாதுதான். ஆனால் முழுதாக ரத்துச் செய்ய ஒரு தடையும் இருக்கவில்லை. புராதன வனவழி அன்றோடு தார் போட்ட பிரதான வீதிக்கு மாற்றப்பட்டது.

சேதி கேட்டதும் இரத்தினசிங்கம் அரைநாள் தயிர் விற்பனையை விட்டுவிட்டு ஓர்ஸ் ஹில்லுக்கு ஓடினார்.

"சேர், பாதை போயிட்டுது. குசினியைத் தாங்கோ."

"பாதை இருந்தபடியாத்தானே குசினி பழசெண்டு நிரூபிச்சம்? பாதை இல்லையெண்டா அது நேத்துக் கட்டினது. நேத்துக் கட்டினதெண்டா அனுமதி எங்க? உடைக்கோணும்."

"பலகை இருந்தால் சமைக்க ஏலாது. பலகை இல்லாட்டி குசினியே இல்லை. அப்பிடியோ?"

"விளங்கிட்டுது உங்களுக்கு!" றுவைஸுக்கு உண்மையிலேயே சந்தோசம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அண்ணன், நான் மனிசன்தானே. ஊரே ஒண்டாச் சேர்ந்து 'பலகை வேண்டாம், பழைய கட்டடத்துக்கெல்லாம் அனுமதி தாங்க' எண்டு ஒரு கூட்டம் வைச்சு எழுதித் தந்தா, நான் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கித் தருவன். சத்தியமா."

முதற்தரமாக அந்த அறைக்குள் ஒரு நல்ல வார்த்தை. இரத்தினசிங்கம் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முன்றலில் கூட்டம். றுவைஸ் தன் இறுக்கமான உடுப்போடு ஜீப்பில் வந்திருந்தார். இரத்தினசிங்கம் எல்லாம் விளக்கிச் சொன்னார். பலகைகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தால் போதும், திங்கட்கிழமையே அவரவர் குசினிக்குள் அடுப்பு மூட்டலாம்.

பிரகலாதன் தொண்டையைச் செருமினார்.

"மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவை. பலகையைப் பாத்திட்டுத்தான் படியேறினவை. இப்ப கழட்டினால் என்ன நினைப்பினம்?"

"எங்கட மாமி லண்டனில எல்லாருக்கும் படம் அனுப்பிப்போட்டா," என்றது இன்னொரு குரல்.

"பாதுகாக்கப்பட்ட வீடெண்டு வயல்காரப் போடியார் இப்ப என்னை வாங்கோ போங்கோ எண்டுறார்."

"சரி," என்றார் றுவைஸ். "பலகை இருக்கட்டும் எண்டு விரும்புற ஆக்கள் கையை உயர்த்துங்க. வீட்டுக்கு ஒரு கை போதும்."

பிரகலாதனின் கை எழும்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. இரத்தினசிங்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். புகை பட்டுச் சிவந்த கண்ணோடு, விரலெல்லாம் சூட்டுத் தழும்போடு, கனகம்மாவின் கை நேரே மேலே நின்றது.

"என்னப்பா நீர்!"

"இருபத்திரண்டு வீட்டில பலகை தொங்க எங்கட வீடு மட்டும் மொட்டையா நிக்கிறதோ? முதல் பலகை எங்கட. உங்கட பேரும் அதில கிடக்கு. மறந்துபோனியளோ?"

அவர் மறக்கவில்லை. வாழ்நாளில் அவருடைய பெயரை யாரும் எதிலும் எழுதியதில்லை. தயிர்க்காரன் என்றுதான் ஊர் கூப்பிடும்.

றுவைஸ் பேனையைத் திறந்தார். "வீட்டுக்கு ஒரு கை எண்டெல்லோ சொன்னனான். உங்கட வீட்டில ரெண்டு நிக்குது. ஆரும் ஒராள் இறக்குங்க."

தன் கை எப்போது எழும்பியது என்று இரத்தினசிங்கத்துக்குத் தெரியவில்லை. இறக்கப் பார்த்தார்; அது இறங்கவில்லை. கனகம்மாவும் இறக்கவில்லை.

றுவைஸ் இரண்டையும் ஒன்றாகவே கணக்கெடுத்து எழுதி முடித்தார். அந்த அறிக்கை இன்றைக்கும் பைலில் இருக்கிறது: 'மேற்படி கிராமத்தின் இருபத்துமூன்று குசினிகளும் மக்களின் ஏகமனதான வேண்டுகோளுக்கு இணங்கவே மூடப்பட்டன.'