ஒரு துளி பிளாட்டினம்

ஒழுங்காக ஓடுகிற எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும் மனிதர்கள் சிலர் உண்டு. மேம்படுத்துகிறவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் பத்மகுமார் அதில் முதல் தரம். "நல்லா ஓடுன மோட்டார எதுக்குக் கழத்துனிய?" என்று கேட்டபடி அவர் மனைவி பிந்து குடத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவது வழக்கம்.

அவருடைய ஆய்வு மாணவி இந்துஜா. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் எடுக்க நல்ல வினையூக்கி வேண்டும். பிளாட்டினம் அதற்குக் கெட்டி. ஆனால் விலை நகைக்கடை விலை. அதற்குப் பதிலாக நிக்கலையும் பாஸ்பரஸையும் கொண்டு மலிவான நிக்கல் பாஸ்பைடு பூச்சு ஒன்றை அவள் செய்தாள். அதைப் பூசிய தகட்டிலிருந்து சோடா மாதிரிக் குமிழி பொங்கியது.

"பிரமாதம் மக்ளே," என்றார் பத்மகுமார். "கொஞ்சம் கோபால்ட் சேத்துப் பாப்பமா?"

சேர்த்தாள். அப்புறம் இரும்பு. அப்புறம் மாலிப்டினம். அவியலுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு, இதற்கு உண்டா? ஒவ்வொரு தடவையும் குமிழி ஒரு நூல் கூடும். ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும். கொட்டாரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டம் வந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் இந்த வருடம் வரைதான் காத்திருப்பார்களாம்.

ஒருநாள் அவர் குரலைத் தாழ்த்தி, "ஒரு துளி பிளாட்டினம்?" என்றார்.

"சார், அது வேண்டாம்னுதான இத தொடங்குனோம்?"

"துளிதான மக்ளே."

இந்துஜா வாதாடவில்லை. முதலில் செய்த பூச்சையும் கடைசியாகச் செய்ததையும் அவர் கண்முன்னே அடுத்தடுத்து ஓடவிட்டாள். மத்தியானத்துக்குள் கடைசிப் பூச்சு கரித்தூள் மாதிரி உதிர்ந்து அடியில் கிடந்தது. முதல் பூச்சு தன்பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சாப்பிடக்கூடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். பெற்ற பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட முகம்.

"முதல்ல செஞ்சதையே எழுதிரு," என்றார் கடைசியில்.

பட்டம் வந்தது, வேலையும் வந்தது. வாய்மொழித் தேர்வில் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாகக் கைதட்டியவர் பத்மகுமார்தான். இந்த வகை மனிதர்களில் கெட்டவர்களே கிடையாது. அதனால்தான் திட்டவும் வாய் வரமாட்டேன் என்கிறது.

அது இருக்கட்டும். இதை வாசிக்கும்போது எந்த வரியை எடுத்துவிட்டு எதைச் சேர்த்திருக்கலாம் என்று உங்கள் மனம் கணக்குப் போட்டதா? போட்டிருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.