எங்கள் தெருவில் பயம் பூஜ்யம்

அன்பு மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் மகளும் பேரனும் சுகமாகவே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேற்கொண்டு எழுதுகிறேன்.

போன வருஷம் வாயு கசிந்த எங்கள் தெருக்கோடி ரசாயன ஆலையை மறுபடி திறக்கப் போகிறார்கள் என்றதும், விடுமுறைக்குப் பேரனை அனுப்ப யோசிக்கிறீர்களாம். யோசிக்கவே வேண்டாம். காற்றை அளந்தாயிற்று, தண்ணீரை அளந்தாயிற்று, ஜனங்களின் மனக்கஷ்டத்தையும் அளக்காமல் திறக்கக் கூடாது என்று உத்தரவாம், அதற்கும் ஒரு பெண் வந்தாள். வீடு வீடாகப் போக இருந்தவளை, "எதுக்கும்மா வெயில்ல அலையிறே, எல்லாரையும் இங்கேயே வரச் சொல்றேன்" என்று நான்தான் தெருவையே நம் கூடத்தில் கூட்டினேன். "பூஜ்யத்திலேருந்து பத்து வரைக்கும், உங்க பயம் எவ்வளவு?" என்று கேட்டாள். தெருச் சங்கத் தலைவன் நான் முதலில் சொல்ல வேண்டாமா? "பூஜ்யம்" என்றேன். நானே பூஜ்யம் என்றபின் தையற்காரர் ஒன்று என்பாரா? அவரும் பூஜ்யம். எதிர்வீட்டு டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டு, "பூஜ்யத்துக்குக் கீழே ஏதாவது இருக்கா?" என்றார். "தூக்கம் எப்படி?" என்றாள். "படுத்தா கட்டைதான்" என்றேன். "ஆமா, செருப்பைப் போட்டுக்கிட்டே படுக்கிற கட்டை" என்று சமையலறையிலிருந்து உங்கள் அத்தை குரல் கொடுத்தாள். அவளுக்கு என்றைக்குமே சபை தெரியாது.

ஆபத்தென்றால் ஆலைச் சங்கு ஊதும், உடனே ஓட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து நம் வீட்டுக் குக்கர் விசிலடித்துத் தொலைத்தது. மாப்பிள்ளை, அடுத்து நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தெரியவில்லை. டிரைவர் மதில்மேல் இருந்தார், தையற்காரர் மதிலுக்கு அப்பால் இருந்தார், நான் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். ஓடினேன் என்று எண்ண வேண்டாம், தலைவன் என்ற முறையில் வழிகாட்டினேன். கையில் பேரன் படம் இருந்தது. சுவரிலிருந்து எப்போது கழற்றினேனோ, தெரியவில்லை.

திரும்பி வந்தால் அந்தப் பெண், "ஐயா, நம்பரை மாத்திக்கலாமா?" என்கிறாள். விடுவேனா? "சொன்னா சொன்னதுதாம்மா" என்று எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தேன். எங்கள் பூஜ்யத்தை நம்பி அடுத்த வாரம் ஆலையைத் திறக்கிறார்கள். ஆகவே பேரனைத் தாராளமாக அனுப்பி வையுங்கள்.

மகளுக்கு ஆசிகள், பேரனுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
தெரு நலச் சங்கத் தலைவர்.

பின்குறிப்பு: பேரனை அனுப்ப வேண்டாம். அந்தப் பெண்ணைத் திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், இந்த முறை வீடு வீடாக. பத்துக்கு மேலே ஏதாவது இருக்கிறதா என்று அவளிடம் கேட்க வேண்டும்.