பெரியவாப்பா ஹோம்வேர்க்கில் மௌத்தான வியாழக்கிழமை

பயந்தவன் எதையும் பிந்திச் செய்துதான் கெட்டுப்போவான் என்று பலர் நினைக்கிறார்கள். பிழை. பயந்தவன் முந்திச் செய்துதான் கெடுவான். நோன்புப் பெருநாள் உடுப்புக்கு, நோன்பு தொடங்குவதற்கு முதலே தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, பெருநாள் வரும்போது வளர்ந்துபோய், காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கத் தொழப் போன பொடியன் நான். என்னிடம் கேளுங்கள், சொல்லுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சாய்ந்தமருதில் பத்தாம் ஆண்டு படித்தேன். அந்த நாட்களில் பள்ளிக்கூடம் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று அதிபருக்கே தெரியாது. இன்றைக்கு ஹர்த்தால் என்பார்கள், நாளைக்கு ஊரடங்கு என்பார்கள். மற்றப் பொடியன்களுக்கு அது கொண்டாட்டம். எனக்கோ, மூடினால் பாடம் போய்விடுமே, திறந்தால் பாடம் கேட்பார்களே என்று இரண்டுக்கும் பயம்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அல்லாஹ் ஒரு இங்கிலீஸ் சேரை அனுப்பினான். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, நேராக எங்கள் வகுப்புக்கு வந்தவர். வந்த முதல் நாளே ஒரு பெரிய பிறிஸ்டல் போட் மட்டையைச் சுவரில் ஒட்டினார். தவணை முழுவதற்குமான திட்டம். வகுப்பில் செய்யும் வேலை ஒரு பக்கம், வீட்டில் செய்யும் வேலை மறு பக்கம். திங்கள் வாசிப்பு, செவ்வாய் புதுச் சொற்கள், புதன் கடிதம். வியாழன் டயறி. "உங்கட வீட்டுல அண்டைக்கு என்ன நடந்த எண்டு காலையிலேயே எழுதிக் கொண்டு வரணும்" என்றார் சேர். வகுப்பில் எல்லோரும் அந்த மட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள். நான் மட்டும் அதை அப்படியே கொப்பியில் எழுதி எடுத்தேன்.

காரணம் இருந்தது. கல்முனைச் சந்தைப் பக்கம் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சைக்கிள் கடை. போன தவணை இங்கிலீசில் நான் எடுத்த புள்ளியையும், பழைய சேர் அனுப்பிய முறைப்பாட்டையும் பார்த்துவிட்டு வாப்பா சொல்லியிருந்தார். "இன்னொரு முறை உன்னப் பத்தி இங்கிலீஸ் சேர் ஒரு முறைப்பாடு அனுப்பினாரெண்டா, கொப்பியத் தூக்கி வெச்சிட்டுக் கடைக்கு வா. பங்சர் ஒட்ட இங்கிலீஸ் தேவல்ல." எனக்குப் படிக்க விருப்பம். அரசாங்கக் கச்சேரியில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, வருகிறவர்களை "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பும் உத்தியோகம் ஒன்றைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

ஆகவே நான் முந்திக்கொண்டேன். ஒரு ஹர்த்தால் வாரத்தில் குந்தியிருந்து, தவணை முழுவதற்குமான ஹோம்வேர்க்கையும் திகதி போட்டு எழுதி முடித்தேன். கடிதம், சொற்கள் எல்லாம் சுகமாக வந்துவிட்டன. டயறிதான் இடித்தது. இன்னும் நடக்காத வியாழக்கிழமைகளில் எங்கள் வீட்டில் என்ன நடக்கும்? (யோசித்துப் பாருங்கள். இது இறைநேசர்களான அவுலியாக்களுக்கே கஷ்டமான கேள்வி.)

கலியாணம் எழுதலாமென்றால், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று சேர் கோபிப்பார். வருத்தம் எழுதலாமென்றால், வருத்தங்களுக்கு இங்கிலீசில் பேர் தெரியாது. மிஞ்சியது மௌத்து. சாவது, அழுவது, அடக்குவது மூன்றுக்கும் எனக்குச் சொல் தெரியும். இனி ஆளைத் தேட வேண்டும். உம்மாவைச் சாகடிக்க மனம் வரவில்லை. வாப்பாவைச் சாகடிக்கத் துணிவு வரவில்லை. வேலிக்கு அடுத்த பக்கத்தில் வாப்பாவின் மூத்த காக்கா (அண்ணன்), எங்கள் பெரியவாப்பா மீராலெவ்வை இருந்தார். அவர் வருசக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கிற மனிசன். "இது என்ட கடைசிச் சோறு மனே", "இது என்ட கடைசி வெத்திலை மனே" என்று சொல்லாத நாளில்லை. நான் அவர் சொன்னதை எழுதினேன். அவ்வளவுதான்.

தமிழில் சொன்னால் இப்படி: "இன்று துக்கமான நாள். இன்று காலை என் தகப்பனின் மூத்த சகோதரர் இறந்துவிட்டார். அவர் நல்ல மனிதர். அவருக்கு மாம்பழம் விருப்பம். அஸர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்குவார்கள். நாங்கள் எல்லோரும் அழுகிறோம்." (மாம்பழம் எதற்கு என்று கேட்காதீர்கள். பிழையில்லாமல் எனக்கு வரும் வசனம் அது. எதை எழுதினாலும் அதை ஒரு இடத்தில் செருகிவிடுவேன்.)

அந்த வியாழக்கிழமை வந்தது. அன்று வகுப்பில் எழுந்து நின்று இங்கிலீஸ் வாசிப்பது என் முறை. ஆகவே விடியச் சுபஹிலிருந்தே எனக்கு வயிற்றோட்டம். பள்ளிக்கூடம் போகக் கால் வரவில்லை. ஆனால் கொப்பி போகாவிட்டால் முறைப்பாடு வருமே! பக்கத்து வீதிக் கூட்டாளி பைறூஸ் வழமைபோல் படலையில் வந்து கூப்பிட்டான். "உம்மா, இந்தக் கொப்பிய அவனுக்கிட்டக் குடுங்க, சேருக்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன். எந்தப் பக்கத்தில் என்ன எழுதினேன் என்பதே எனக்கு அந்த நேரம் ஞாபகமில்லை. உம்மாவுக்கு அந்தக் கிழமை முழுக்கத் தடிமன். கண் சிவந்து, மூக்கொழுகி, தொண்டையும் அடைத்துப் போயிருந்தது. முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கொப்பியைக் கொடுத்தா. "அவன் வரல்லியா?" என்று பைறூஸ் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினா.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பிறகு பைறூஸ்தான் எனக்குச் சொன்னான். சேர் கொப்பியைத் திறந்தார், வாசித்தார், கதிரையை விட்டு எழும்பினார்.

"பைறூஸ், நீ அவன்ட வீட்டடிக்குப் போனதானே? என்ன கண்ட?"

"அவன்ட உம்மா அழுதுகொண்டு நிண்டா சேர். கதைக்கவும் ஏலாம நிண்டா."

சேர் கொப்பியோடு அதிபரிடம் ஓடினார். அதிபர் தலையில் கை வைத்தார். "நேத்து இஷாவுக்கு என்ட பக்கத்துல நிண்டு தொழுத மனிசன்! 'இது என்ட கடைசித் தொழுகை' எண்டு சொன்னாரே! நான் பகிடி எண்டுதானே நினைச்சன்!" பியோனைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார். அங்கே பாங்கு சொல்லும் மோதினார் முதலில் தயங்கினாராம்.

"வீட்டால ஒருத்தரும் வந்து சொல்லல்லியே?"

"இங்கிலீசில எழுத்து வந்திரிக்கி."

"அப்ப சரி" என்று மைக்கை எடுத்தார் மோதினார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், அந்தக் காலத்தில் தூரத்து மௌத்தெல்லாம் எங்களுக்குத் தந்தியில் இங்கிலீசில்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழில் சொன்னால் வதந்தி. இங்கிலீசில் வந்தால் ஆள் முடிந்தார்.

நான் பாயில் படுத்து வேர்க்கொம்புத் தேயிலை குடித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கரகரத்தது. "இன்னாலில்லாஹி..." என்றது. மௌத்து அறிவித்தல்தான். கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு எங்கள் வீதியின் பேரைச் சொன்னது. பிறகு, "மீராலெவ்வை அவர்கள் காலமானார்கள். ஜனாஸா இன்று அஸர் தொழுகையின் பின்..." என்றது.

பெரியவாப்பா மௌத்து! அதுவும் இன்றைக்கு! அஸருக்குப் பிறகு அடக்கம் என்பது என்னுடைய வசனம் அல்லவா? யா அல்லாஹ், நான் எழுதினபடியே நடக்கிறதே! நான் கொன்றுவிட்டேன்! கொப்பியின் மிச்சப் பக்கங்களில் வேறு யாரை என்ன செய்து வைத்தேன் என்று யோசித்தபோது, வயிற்றோட்டம் தானாகவே நின்றது.

உம்மா கத்தினா. தொண்டை அடைத்திருந்ததால் வாய் மட்டும் திறந்தது, சத்தமே வரவில்லை. அது இன்னும் பயங்கரமாக இருந்தது. அப்படியே வேலியைப் பிரித்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் ஓடினா. பின்னால் நானும் ஓடினேன். அங்கே பெரியும்மா குசினியிலிருந்து வெளியே வந்து, "இப்பதானே புட்டுத் திண்டிட்டு வெத்திலை கேட்டாரு!" என்று அலறினா. சாய்மனைக் கதிரை காலியாகக் கிடந்தது. ஆளைக் காணவில்லை. ஆகவே ரோட்டில் எங்கோ விழுந்து மௌத்தாகி, பள்ளிவாசலுக்குச் செய்தி போயிருக்கிறது என்று முடிவாகிவிட்டது. செருப்பும் ஊன்றுதடியும் தொப்பியும்கூட இல்லையே என்பதை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வளவு நிறையச் சனம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ கதிரைகளை இறக்கினார்கள். வாப்பா, கடைக்குப் பங்சர் ஒட்ட வந்த யாருடையதோ பெண்பிள்ளைச் சைக்கிளில் கல்முனையிலிருந்து மிதித்து வந்து, அதைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, "காக்கா!" என்று கதறினார்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், ஒலிபெருக்கி "இன்னாலில்லாஹி" என்றதுமே பெரியவாப்பா எழும்பிவிட்டார். ஊரில் ஒரு மௌத்து என்றால் முதல் ஆளாக நிற்கிறவர் அவர். "என்ட தொப்பி எங்க? தொப்பி எங்க?" என்று அவரே கத்தித் தேடியதில், சொன்ன பேர் அவருக்குக் கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்பக்க ஒழுங்கையால் போய்விட்டார். பள்ளிவாசலடியில் இளைஞர்கள் சந்தூக்கை (அதுதான், மய்யித்தைத் தூக்கிப்போகும் பெட்டி) தோளில் வைத்துக்கொண்டு குனிந்த தலையோடு வேகமாக வெளியே வந்தார்கள். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவரும் சந்தூக்கின் பின்னால் நடந்தார். அது எங்கள் வீதிக்குத் திரும்பியது. "அட, நம்மட வீதி" என்று நினைத்தாராம். அது அவருடைய படலைக்குள் நுழைந்தது.

பெரியவாப்பாவுக்கு உலகம் இருண்டது. வீட்டில் அவரை விட்டால் இருக்கிறது ஒரே ஒரு ஆள்தானே!

"என்ட பொண்டாட்டி!" என்று ஓலமிட்டுக்கொண்டு சந்தூக்கைத் தள்ளி விலத்தி உள்ளே ஓடினார்.

"என்ட மனிசன்!" என்று ஓலமிட்டுக்கொண்டு பெரியும்மா வெளியே ஓடி வந்தா.

இரண்டு பேரும் வாசலில் முகத்துக்கு முகம் முட்டி நின்றார்கள். சந்தூக்கின் முன்பக்கத்தைத் தூக்கியவர்கள் கைவிட, பின்பக்கத்தைத் தூக்கியவர்கள் அப்படியே குந்தினார்கள். பெரியும்மா அவருடைய கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தா. சூடாக இருந்தது. உடனே மயங்கி விழுந்தா.

"ஆருக்குடா அழுறீங்க?" என்றார் பெரியவாப்பா.

"உங்களுக்குத்தான் காக்கா" என்றார் வாப்பா, அழுதுகொண்டே.

அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சட்டையில் வரிசையாக எங்கள் வகுப்பு வந்து சேர்ந்தது. முன்னால் இங்கிலீஸ் சேர். ஒரு கையில் மௌத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் சீனிப் பை, மறு கையில் என் கொப்பி. பெரியவாப்பாவைக் கண்டதும் சேர் ஓர் அடி பின்னால் வைத்து, பைறூஸின் காலை மிதித்தார்.

"ஆரு சொன்ன இவரு மௌத்து எண்டு?" என்று வாப்பா கேட்டார்.

"உங்கட மகன்தான் எழுதியிரிக்காரு" என்றார் சேர்.

வளவு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சொன்னேன். ஹர்த்தால், திட்ட மட்டை, முறைப்பாடு, முந்தி எழுதினது எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் அடிக்கவில்லை. அடிக்கக்கூட யாருக்கும் கை எழும்பவில்லை. பெரியவாப்பா மட்டும், "என்னப் பத்தி என்ன எழுதினான்? வாசிங்க சேர்" என்றார். சேர் தமிழாக்கி வாசித்தார். பெரியவாப்பாவின் முகம் சிவந்தது.

"எனக்கு மாம்பழம் விருப்பம் எண்டு உனக்கு ஆர்ரா சொன்ன? பலாப்பழம்டா ஹறாங்குட்டி! மௌத்துல கூட உண்மைய எழுத மாட்டியா?"

சனம் சிரிக்கத் தொடங்கியது. எனக்கும் உயிர் வந்தது. இதோடு தப்பினேன், சேரும் சிரித்துவிட்டால் முறைப்பாடு இல்லை என்று நினைத்தேன். சேர் சிரிக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் கை சும்மா இருக்காமல் ஒரு தாளைப் புரட்டியது. அடுத்த வியாழக்கிழமை.

"இன்று எங்கள் இங்கிலீஸ் ஆசிரியர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய கால் முறிந்துவிட்டது. அவருக்கு மாம்பழம் விருப்பம்."

(அன்று கொப்பி திருத்த ஆள் இருக்காதே என்ற எண்ணத்தில் எழுதினது.)

சேரின் முகத்தில் சிரிப்பு அரைவழியில் நின்றது. கொப்பியை மூடி, சீனிப் பையின் மேல் வைத்து, இரண்டையும் வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நடந்தார். முறைப்பாடு எழுதவில்லை. அதைவிடப் பெரிய முறைப்பாடு எதை எழுதுவது?

அடுத்த வியாழக்கிழமை சேர் லீவு. சுகமாகத்தான் இருந்தாராம். ஆனால் அன்று முழுக்கக் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று ஊர் சொன்னது. வகுப்பில் பொடியன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மச்சான், கணக்குச் சேருக்கு ஒரு சின்னக் காய்ச்சல் எழுதேன்." "மச்சான், எனக்கு ஒரு புதுச் சைக்கிள் எழுதேன்." எனக்கோ பேனாவே வேண்டாம் என்றாகிவிட்டது. எதை எழுதினால் எது நடக்குமோ என்ற பயத்தில் பரீட்சைத் தாளில் என் பேரைக்கூட அரைகுறையாகத்தான் எழுதினேன். வாப்பா இரண்டு கிழமை பார்த்தார். பிறகு சொன்னார். "மகன், நீ படிச்சது போதும். இன்னும் படிச்சியெண்டா ஊருல ஆளிரிக்காது."

அடுத்த நாளே கடையில் குந்தினேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் உத்தியோகம் அப்படியாவது கிடைத்தது.

பெரியவாப்பா அதற்குப் பிறகு பல வருசம் இருந்தார். "கடைசிச் சோறு" என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் ஏற முதல் கடையடியில் நின்று, "மனே, கொப்பியில எனக்கு ஒண்டும் இல்லதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குச் சற்று முதல், சாய்மனைக் கதிரையிலேயே அமைதியாகப் போய்விட்டார். வாப்பாவே பள்ளிவாசலுக்குப் போய்ச் சொன்னார். அதே மோதினார். கிழடாகிவிட்டார். வாப்பா சொன்னதைக் கேட்டார், அழுதார், மைக்கை எடுத்தார். ஆனால் அதைத் தட்டவில்லை. மைக்கைக் கையில் பிடித்தபடியே ஒருவரை என் கடைக்கு ஓட்டி அனுப்பினார். வந்தவர் மூச்சு வாங்க நின்று கேட்டார்.

"மோதினார் கேக்கச் சொன்னாரு. இது மௌத்தா, ஹோம்வேர்க்கா?"

நான் கையில் இருந்த டியூப்பைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு எழும்பினேன். "மௌத்துதான்" என்றேன். பிறகு நெஞ்சு கேட்காமல், "பலாப்பழம் விருப்பம் எண்டும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றேன்.