புரட்டாசியில் ஒரு வெள்ளி டாலர்

கிட்டுசாமி குளித்துவிட்டு வருவதற்குள், சாந்தாமணி அந்த டாலர் காசை விபூதி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் காயவைத்திருந்தாள்.

"ஏனுங்க, வெள்ளிய இப்படியா கறுக்க விடுவாங்க? பூஜை சாமானோட சேத்துத் தேச்சுட்டேன். எப்படி மின்னுது பாருங்க!"

கிட்டுசாமிக்குப் பேச்சு வரவில்லை. பொதுவாகவே அவருக்குப் பேச்சு அதிகம் வராது. பிரிட்ஜ்வாட்டர் என்ற இந்த அமெரிக்க ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதர் பக்கத்து வீட்டு வால்ட்டர். மாலையில் இருவரும் வீட்டின் பின்புற மரத்தளமான டெக்கில் உட்கார்ந்து, மேப்பிள் இலைகள் உதிர்வதைப் பார்த்தபடி, இருட்டும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அப்படியொரு ஆள் கிடைப்பது லேசில்லை.

அந்த வால்ட்டரின் தாத்தா விட்டுப்போன டாலர் அது. 1889, கார்ஸன் சிட்டியில் அச்சடித்தது. "பழைய காசெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், என்ன பெறும் என்று பாருங்கள்" என்று காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கிட்டுசாமி சொக்கிப்போயிருந்தார். கழுகின் சிறகிலும் விளிம்பிலும் ஒரு கருநீலம். நூறு வருஷத்து அந்திப்பொழுதுகள் அதற்குள் படிந்து உறங்குவதாகத் தோன்றியது. மதிப்பே அந்தக் கருமைக்குத்தான். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள்.

"இதுக்கு ஏனுங்க இடி விழுந்தாப்பல உக்காந்திருக்கீங்க? மறுபடி கறுக்க வெச்சாப் போச்சு."

கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும், அவித்த முட்டையோடு மூடி வையுங்கள் என்றது இன்டர்நெட்.

"முட்டையா? புரட்டாசி மாசத்துல, இந்த வீட்டுலயா?"

"வேற எதுல கந்தகம் இருக்கு, சாந்தா?"

"நாத்தம்தானுங்க வேணும்? பெருங்காயம் இருக்குது."

காசைப் போட்டு மூடிவைத்த பெருங்காய டப்பாவைத் திறந்தபோது, காசிலிருந்த பெண் முகத்துக்கு மஞ்சள்காமாலை கண்டிருந்தது. ஓவனில் வைத்தால் நிறம் இறுகும் என்றாள் சாந்தாமணி. இறுகியது, திட்டுத் திட்டாகப் பழுப்பேறியது. அவசரமாக எடுக்கப்போய் இடுக்கி வழுக்கியது. காசுப் பெண்ணின் கன்னத்தில் நீளமாக ஒரு கீறல்.

"ஒரு கோடுதானுங்க. மூக்குத்தி குத்தப்போயித் தவறுனாப்பல இருக்குது."

காலிங் பெல் அடித்தது. வால்ட்டரும் அவர் மனைவி மெரியனும்.

வால்ட்டர் காசை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சாம்பார்?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்.

கிட்டுசாமி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். இத்தனை வருஷமும் பேசாததற்குச் சேர்த்துப் பேசியதுபோல் இருந்தது. பிறகு மௌனம். கிட்டுசாமியால் தாங்க முடியாத முதல் மௌனம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு இலை, இறங்க மனமில்லாததுபோல் மிதந்து இறங்கியது.

வால்ட்டர் காசைப் பையில் போட்டுக்கொண்டு டெக்குக்குப் போனார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

கண் கலங்க வெளியே போகவிருந்த கிட்டுசாமியின் சட்டைக்கையை மெரியன் பிடித்து இழுத்தாள்.

"உங்கள் வீட்டு வெள்ளியெல்லாம் எப்போதும் பளபளக்கிறதே, அதைப் பார்த்துத்தான், இதையும் தேய்த்துவிடுவீர்கள் என்று அவரை உங்களிடம் அனுப்பினேன்," என்று காதோடு சொன்னாள். "மார்ச்சிலேயே அந்தக் காசை நான் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துத் தொலைத்துவிட்டேன், நீங்கள் பார்த்த கருநீலம் அவித்த முட்டை."